மொரிங்கேசியே: நம்ம முருங்கைக் குடும்பம்தான்

தாவரவியல் புத்தகத்தில் 'மொரிங்கேசியே' என்று பார்த்ததும் ஏதோ லத்தீன் சொல் என்று மிரள வேண்டாம். வால் மட்டும்தான் லத்தீன், குடும்பப் பெயர் என்று காட்ட ஒட்டியது. முன்பாதி முருங்கை. தமிழ் முருங்கையிலிருந்து போனதா மலையாள முரிங்ஙயிலிருந்தா என்று கேட்டால், இரண்டும் ஒரே வேர் என்பதால் அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. 1753இல் தாவரங்களுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயஸ் 'மொரிங்கா'வை இனப் பெயராக வைத்து, மரத்தை அவரைக் குடும்பத்துக் கழற்சிக்காயோடு ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், போட்டார். 1763இல் அடான்சன் என்ற தாவரவியலாளர் அதைத் தனிப் பேரினமாக்கினார்.

லின்னேயஸைக் குறை சொல்ல முடியாது. கூட்டிலை, நீளக் காய், ஐந்து இதழும் ஒரே அளவாக இல்லாத பூ, எல்லாம் சேர்ந்தால் அவரைச் சாதி என்றுதான் தோன்றும். ஆனால் அவரைக்காய் காய்ந்தால் இரண்டாகப் பிளக்கும், முருங்கை நெற்று மூன்றாகப் பிளக்கும், விதைக்கும் மூன்று சிறகு. பூவில் மகரந்தம் தரும் கேசரங்கள் ஐந்து, அவற்றுக்கு நடுவே மலட்டுக் கேசரங்கள் ஐந்து. அப்புறம் வேரைக் கீறி முகர்ந்தால் கடுகு நெடி வரும், காரணம் கடுகில் இருக்கிற அதே வகைச் சேர்மங்கள். அதனால் இப்போது கடுகு வரிசையில் (வரிசை என்றால் சொந்தமான பல குடும்பங்களின் தொகுதி) வைத்திருக்கிறார்கள், ரொம்ப நெருங்கிய சொந்தம் பப்பாளிக் குடும்பம்.

குடும்பத்தில் ஒரே பேரினம், மொத்தம் 13 இனங்கள். இந்தியாவில் முருங்கையும் காட்டுமுருங்கையும், மடகாஸ்கரில் அடிமரம் பருத்து நீர் சேமிக்கும் இரண்டு, மற்றவை பெரும்பாலும் சோமாலியா, கென்யா, எத்தியோப்பியா பக்கம்.

சரி, முருங்கைக்கு என்ன பொருள்? முருங்குதல் என்றால் முறிதல், அழிதல். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு. பொருந்தத்தான் செய்கிறது, ஏனென்றால் ஏறினால் கிளை சட்டென்று முறிகிற மரம் இது, அகநானூற்றின் முதல் பாட்டில் மாமூலனாரும் 'நாரில் முருங்கை' என்றே சொல்கிறார், உள்ளே நார் இல்லாத மரம்.

ஆகவே தமிழில் எழுதும்போது முருங்கைக் குடும்பம், முருங்கைப் பேரினம் என்று எழுதினால் போதும். முருங்கை இலைப் பொடியை 'மொரிங்கா பவுடர்' ஆக்கி விலையேற்றி விற்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம், நமக்கு எதற்கு? ஒரே ஒரு எச்சரிக்கை: கல்யாண முருங்கை பெயரில் மட்டும்தான் முருங்கை. அந்த முள்மரம் நிஜமாகவே அவரைக் குடும்பம்.