பொறுப்பாளர் ஆகிவிட்டீர்கள், பழைய வேலையை யார் செய்வது?

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனமாக இருந்தாலும் வங்கிக் கிளையாக இருந்தாலும் பதவியுயர்வு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. ஆறேழு பேர் வேலை செய்யும் இடத்தில் ஆகத் திறமான ஆளைப் பார்த்து மற்றவர்களுக்குப் பொறுப்பாகப் போடுகிறார்கள். கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். திங்கட்கிழமை அவர் அதே கதிரையில் இருந்து அதே வேலையைத் தொடர்வார். புதிதாக என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூன்று மாதம் போனபின் பார்த்தால், மற்றவர்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக, அவர் மட்டும் இரவு எட்டு மணிவரை இருந்து தன் வேலையை முடித்து, மற்றவர்களின் வேலையையும் திருத்திக்கொண்டிருப்பார். நிர்வாகம் அதைக் கடும் உழைப்பு என்று பாராட்டும். எங்கள் பார்வையில் அது ஆபத்தின் முதல் அறிகுறி. பொறுப்பாளர் வேலையை அவர் இன்னும் தொடங்கவேயில்லை.

முதல் மூன்று மாதத்தில் ஒரு பொறுப்பாளர் பழக வேண்டியது, கைவந்த வேலையைக் கையை விட்டு விடுவது. கேட்கச் சின்ன விடயம். செய்வதற்கு மிகவும் கடினம்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம். உங்களுக்குக் கீழே ஆறு பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவருடனும் கிழமைக்கு அரை மணித்தியாலம் தனியாகக் கதைத்தால் 3 மணித்தியாலம். அதில் வந்த விடயங்களைக் குறித்து, பின்தொடர ஒன்றரை. அவர்களின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நாளுக்கு ஒன்றாக 5. கொழும்புத் தலைமை அலுவலகத்துடனோ வெளிநாட்டு வாடிக்கையாளருடனோ கூட்டங்கள் 5. அடுத்த கிழமை வேலையைப் பங்கிட 2. லீவு, கடிதம், அறிக்கை என்று 2. சுகமில்லாமல் ஒருவர் வராத நாள், திடீர் முறைப்பாடு, கரண்ட் போய்க் கெட்ட வேலை என்று எதிர்பாராதவைக்கு இன்னொரு 5. கூட்டினால் 23½.

மிச்சம் 21½ மணித்தியாலம். பாதிக்கும் குறைவு. அதுவும் ஒரே துண்டாகக் கிடைக்காது. இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று சிதறித்தான் வரும். இந்தக் கணக்கைப் போடாமல் பழைய வேலையின் முழு அளவையும் ஏற்றுக்கொள்பவர், அந்த 23½ மணித்தியாலத்தை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தேட வேண்டிவரும்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது. மற்றவர்கள் காத்திருக்கும் வேலை எதையும் உங்கள் பெயரில் போடாதீர்கள். ஆறு பேரும் பாவிக்கப்போகும் தரவுத்தள அமைப்பை நீங்களே எழுத எடுத்தால், நீங்கள் கூட்டத்தில் இருக்கும் நாள் முழுதும் ஆறு பேரும் சும்மா இருப்பார்கள். இரண்டு நாள் பிந்தினாலும் ஒருவரும் பாதிக்கப்படாத வேலையை எடுங்கள்: சிறு பிழைதிருத்தம், கைநூல் எழுதுவது, சோதனைகளைச் சீராக்குவது. தொழிலில் கையும் இருக்கும், வழிமறிக்கவும் மாட்டீர்கள்.

கைமாற்றும் முறை

ஒரு கிழமை முழுதும் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் கொப்பியில் எழுதுங்கள். கிழமை முடிவில் மூன்றாகப் பிரியுங்கள்: வேறொருவர் இன்றைக்கே செய்யக்கூடியது, ஒரு மாதம் பழக்கினால் செய்யக்கூடியது, நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது. மூன்றாவது பட்டியலில் மூன்று விடயத்துக்கு மேல் இருந்தால் திரும்ப ஒருமுறை பாருங்கள். சம்பள மதிப்பீடு, இரகசியமான ஆளணி விடயம், மேலிடத்துக்கு நீங்கள் கொடுத்த வாக்குறுதி ஆகியவற்றைத் தவிர அங்கே தங்க வேண்டியது அதிகம் இல்லை.

நீங்கள் 2 மணித்தியாலத்தில் முடிக்கும் வேலைக்குப் புதியவர் முதல் தடவை 5 மணித்தியாலம் எடுப்பார், விளங்கப்படுத்த உங்களுக்கும் ஒரு மணித்தியாலம் போகும். இந்த முதல் தடவைக் கணக்கை மட்டும் பார்த்து, “நானே செய்தால் கெதியாய் முடியும்” என்று பலர் வேலையைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். நாலாம் தடவை அவர் உங்கள் வேகத்துக்குக் கிட்ட வந்திருப்பார், அந்த வேலை நிரந்தரமாக உங்கள் தலையிலிருந்து இறங்கியிருக்கும். திரும்ப வாங்கினால் அவர் படிப்பது வேறொரு பாடம்: கொஞ்சம் இழுத்தடித்தால் பொறுப்பாளரே முடித்துத் தருவார்.

வேலை கொடுக்கும்போது ஐந்து விடயத்தைச் சொல்லுங்கள். என்ன வேண்டும், அது ஏன் தேவை, எப்போது வேண்டும், எதுவரை அவராக முடிவெடுக்கலாம், எப்போது உங்களுக்குக் காட்ட வேண்டும். நாலாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். “ஐயாயிரம் ரூபாவுக்குள் என்றால் கேட்காமல் வாங்கலாம், வாடிக்கையாளருக்குத் திகதி கொடுப்பதென்றால் என்னைக் கேட்க வேணும்” என்று எல்லை போடாவிட்டால், ஒருவர் எல்லாவற்றுக்கும் உங்கள் மேசைக்கு வருவார், இன்னொருவர் எதற்கும் வரமாட்டார்.

சொல்லி முடித்து “விளங்கிச்சோ?” என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு “ஓம், விளங்கிச்சு” தவிர வேறு பதில் வராது. பெரியவரிடம் விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பள்ளிக்கூடத்திலேயே பழகி வந்திருக்கிறோம். “முதல்ல எதிலை தொடங்கப் போறீர்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் படியிலேயே விளங்கியதா இல்லையா என்று தெரிந்துவிடும். வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் பாருங்கள். அந்தக் கட்டத்தில் திசை மாறியிருந்தால் அரை நாள்தான் நட்டம். கடைசி நாள் பார்த்தால் முழுதும் நட்டம், அவருக்கு மனமும் விட்டுப்போகும்.

தொழில்திறன் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. கூகுள் நிறுவனம் நல்ல முகாமையாளரின் இயல்புகளைக் கண்டறிய 2008 இல் ஓர் உள்ளக ஆய்வைத் தொடங்கியது. அதில் கிடைத்த எட்டு இயல்புகளில் முதலாவது, ஆட்களை நன்றாகப் பயிற்றுவது. தொழில்நுட்பத் திறமை பட்டியலில் இருந்தது, ஆனால் எட்டாவதாக. அணிக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்கு அறிவு வேண்டும். அணியில் ஆகச் சிறந்த கைகாரராக நீங்களே இருக்க வேண்டும் என்று இல்லை.

அண்ணையும் மச்சானும்

பெருநகரத்துப் பயிற்சிகளில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. உங்களுக்குக் கீழே வருபவர் உங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவராக இருப்பார். அல்லது சித்தியின் மருமகன். அல்லது நேற்றுவரை உங்களோடு சேர்ந்து நிர்வாகத்தைத் திட்டிய நண்பன்.

நேற்றுவரை “அண்ணை” என்று கூப்பிட்டவரை இன்றைக்கும் அப்படியே கூப்பிடுங்கள். முறை மாற்றினால் அவமானமாக எடுப்பார். ஆனால் முதல் கிழமைக்குள் அவரோடு தனியாக ஒருமுறை கதைத்தே ஆக வேண்டும். “அண்ணை, இந்தப் பொறுப்பை என்னட்டைத் தந்திருக்கினம். உங்களுக்கும் எதிர்பார்ப்பு இருந்திருக்கும். உங்கட அனுபவம் எனக்குத் தேவை. எந்தப் பகுதியை நீங்கள் முழுசாய் எடுத்துச் செய்ய விரும்புறியள்?” இவ்வளவும் போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அவர் சொன்ன பகுதியை உண்மையாகவே அவரிடம் விட்டுவிடுங்கள், அதில் பிறகு கை போடாதீர்கள்.

நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் இல்லாத இன்னொரு குழு உருவாகும். அதைத் தேடிப் போகாதீர்கள். அவர்களுக்கும் மூச்சுவிட ஓர் இடம் தேவை.

நடுநிலை உண்மையாகச் சோதிக்கப்படுவது லீவில்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள். சப்பறம், தேர், தீர்த்தம் என்று கடைசி நாட்களில் பாதிப் பேருக்கு லீவு வேண்டும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, கத்தோலிக்கர் கேட்பார்கள். கொழும்புக்கோ இலண்டனுக்கோ அது சாதாரண வேலை நாள். ஒரு மாதத்துக்கு முன்னரே அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒரு நாளில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இந்த வருடம் தேரன்று வேலைக்கு வந்தவருக்கு அடுத்த வருடம் முதலிடம். நண்பனுக்கு வாய்மொழியாக ஒரு நாள் கொடுத்தால் அன்று பின்னேரமே முழு அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும்.

குறை சொல்லும்போது

நடந்து இரண்டு நாளுக்குள், தனியாக, நேரில். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவருடைய வீட்டில் எல்லோருடைய நித்திரையும் கெடும். என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, இனி எப்படிச் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கில் பேசுங்கள். “செவ்வாய்க்கிழமை தரவேண்டிய அறிக்கை வியாழக்கிழமை வந்தது. கொழும்பில் கூட்டத்தைத் தள்ளிவைச்சவை. அடுத்த முறை பிந்தும் எண்டால் முதல் நாளே சொல்லும்.” “எல்லாரும் உம்மைப் பற்றிச் சொல்லுகினம்” என்ற வசனம் வாயில் வரவே கூடாது. அதைக் கேட்டவர் தன்னைத் திருத்த மாட்டார், யார் சொன்னது என்று தேடத் தொடங்குவார்.

கோபத்தில் “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை என்று 1971 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கை என்றாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் வாய்தவறிச் சொன்ன ஒரு வசனத்துக்கு நிறுவனம் தொழில் திணைக்களத்தில் பதில் சொல்ல நேரும்.

பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பெண் ஊழியர் உங்களிடம் சொன்னால், “எங்களுக்குள்ளேயே பேசித் தீர்ப்பம்” என்று தொடங்காதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி அது குற்றம். முழுவதையும் கேளுங்கள், அவர் சொன்ன சொற்களிலேயே திகதியோடு எழுதுங்கள், நிறுவனத்தில் அதற்கு உரியவரிடம் அன்றைக்கே கொடுங்கள். வேறு ஒருவரிடமும், வீட்டில்கூட, வாய்திறக்காதீர்கள். யாழ்ப்பாணம் சின்ன இடம். பெயர் வெளியே போனால் பாதிக்கப்பட்டவர்தான் வேலையை விட்டுப் போவார்.

மேலிடத்துக்குச் சொல்வது

வெள்ளிக்கிழமை முடியும் என்ற வேலை முடியாது என்று புதன்கிழமை தெரிந்தால் புதன்கிழமையே சொல்லுங்கள், கூடவே இரண்டு வழியையும் கொண்டுபோங்கள்: பாதியை வெள்ளி தருவது, முழுவதையும் செவ்வாய் தருவது. இலண்டன் வாடிக்கையாளர் காலை ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் திறக்கும்போது இங்கே மாரியில் பின்னேரம் 2.30, அங்கே கோடை நேரம் நடக்கும்போது 1.30. மதியத்துக்கு முன் அனுப்பிய செய்தி அவருக்கு நாளின் முதல் செய்தியாகிவிடும், பதிலும் நீங்கள் வீட்டுக்குப் போகமுன் வரும்.

கையெழுத்துப் போடமுன்

கூடும் தொகை அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறதா, தனிக் கொடுப்பனவாக வருகிறதா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3 வீதம் கட்ட வேண்டும். பணிக்கொடையோ, ஐந்து வருடம் முடித்தவருக்கு, கடைசியாக எடுத்த சம்பளத்தில் வருடத்துக்கு அரை மாதம் என்று கணிக்கப்படும். எந்தத் தொகையை வைத்து இவற்றைக் கணிக்கப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். லீவு அனுமதிப்பது யார், வேலை மதிப்பீட்டை எழுதுவது யார் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் பெயரளவில் பொறுப்பாளரானவர், பிழைக்கு மட்டும் பதில் சொல்பவராக மாறுகிறார்.

கடைசியாக ஒரு வசனத்தைச் சேர்த்துத்தரச் சொல்லிக் கேளுங்கள்: ஆறு மாதத்தின் பின் இரு தரப்பும் பேசி, விரும்பினால் சம்பளம் குறையாமல் பழைய தொழிலுக்குத் திரும்பலாம். ஆட்களோடு மாரடிப்பதைவிடக் கணக்கோடும் கணினியோடும் இருக்க விரும்புபவர்கள் உண்டு, அவர்களும் நிறுவனத்துக்கு மிகவும் தேவை. அந்த வசனம் முதலே கடிதத்தில் இருந்தால், திரும்புபவரைப் பார்த்து “பதவியிலை இருந்து இறக்கிப்போட்டினம்” என்று ஊர் கதைக்கும்போது அவரால் அந்தக் கடிதத்தைக் காட்ட முடியும்.