காம்பேக்ட்: ஒப்பந்தமா, உடன்பாடா?

முகப் பவுடர் டப்பியும் சின்ன காரும் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே பார்க்கப்போகும் ‘காம்பேக்ட்’ வேறு. அரசாங்கமும் தொண்டு அமைப்புகளும் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வது என்று பேசி எழுதிவைக்கும் ஏட்டுக்கும் இதே பெயர்தான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, வினை மட்டும் வேறு. பவுடர் டப்பியின் காம்பேக்ட், ‘இறுக்கிச் சேர்’ என்ற பொருளுள்ள ‘காம்பிங்கெரே’யிலிருந்து வந்தது. நம்முடையது ‘பேசி முடிவுசெய்’ என்ற பொருளுள்ள ‘பாக்கிஸ்கி’யிலிருந்து. அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான்.

தொண்டுத் துறையில் இந்தச் சொல்லைப் பரப்பியது பிரிட்டன். நிக்கலஸ் டீக்கின் தலைமையிலான குழு, அரசுக்கும் தொண்டுத் துறைக்கும் இடையே எழுத்துமூலம் ஒரு பொதுப் புரிதல் வேண்டும் என்று 1996-இல் பரிந்துரைத்தது. 1998 நவம்பரில் காம்பேக்ட் வெளிவந்தது. அரசிடம் பணம் வாங்கினாலும் அரசின் கொள்கையைக் குறைசொல்லும் உரிமை தொண்டு அமைப்புக்கு உண்டு என்பது அதன் உயிர்நாடி. 2010-இல் திருத்திய பதிப்பில், நிதியை நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. அமைப்புகளும் நல்ல நிர்வாகத்துக்கும் கணக்குக் காட்டுவதற்கும் பொறுப்பேற்கின்றன. ஆனால் இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் அல்ல. தமிழில் பெயர் வைக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நம் கை முதலில் போவது ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்குத்தான். ‘ஒப்பு’ என்பதன் வழி வந்த சொல். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் உறவுகள் உண்டு. கேட்டதுமே கையெழுத்து, முத்திரை, தவறினால் வழக்கு என்ற எண்ணம் வரும். வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் எல்லாம் அப்படித்தானே? காம்பேக்டுக்கு இது பொருந்தாத சட்டை.

‘உடன்படிக்கை’ நல்ல சொல். ஆனால் விவிலியத் தமிழில் அது கடவுள் மக்களோடு செய்துகொண்டதைக் குறித்து ஊறிவிட்டது. அப்புறம், நாடுகளுக்கிடையிலான பெரிய உடன்படிக்கைகள் வேறு நினைவுக்கு வரும். பிரிட்டன் 2025 ஜூலையில் ‘சிவில் சொசைட்டி கவனண்ட்’ என்று இதே வகையில் புதிய ஏடு ஒன்றை வெளியிட்டது. கவனண்ட் என்றால் உடன்படிக்கைதான். அந்தப் பெயரை அதற்கு விட்டுவைக்கலாம்.

‘இணக்கம்’? நம் சிங்கப்பூரில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஜூலை 21 இன நல்லிணக்க நாள் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘இணக்கம்’ மனநிலையைச் சொல்கிறது. எழுதிவைத்த வாக்குறுதியைச் சொல்லவில்லை.

என் தேர்வு ‘உடன்பாடு’. உடன் + படு: சேர்ந்து ஒரு நிலைக்கு வருதல். முரண்படு, மாறுபடு ஆகியவற்றுக்கு எதிர்நிலை. வயதும் குறைவில்லை, ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை’ என்று உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறள் தொடங்குகிறது. இலக்கணத்தில் வரும் உடம்படுமெய்யும் இதே சொல்தான். மணி, அழகு என்ற இரண்டும் சேரும்போது நடுவே ‘ய்’ வந்து மணியழகு ஆகிறது. இரண்டு உயிரெழுத்தும் தத்தம் இடத்தில் அப்படியே இருக்கின்றன, எதுவும் மற்றதை விழுங்குவதில்லை. நிதி கொடுப்பவரும் வாங்குபவரும் எப்படி இருக்க வேண்டும் என்று காம்பேக்ட் சொல்கிறதோ, அது இதுவே.

‘தொண்டுத் துறை’யை இங்கே எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் தன்னார்வலர், நமக்குத் தொண்டூழியர். தொண்டும் ஊழியமும் சேர்ந்த இந்தச் சொல்லைச் சிங்கப்பூர்த் தமிழின் நல்ல சம்பாத்தியங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன். அமைப்புகளைச் ‘சமூக சேவை அமைப்பு’ என்றே இப்போது அதிகம் சொல்கிறோம். 1992 முதல் அவற்றுக்குக் குடையாக இருப்பது தேசிய சமூக சேவை மன்றம்.

‘பங்காளித்துவம்’ தனிக் கதை. பார்ட்னர்ஷிப் என்பதற்கு இங்குள்ள செய்திகளில் அடிக்கடி வரும். ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பங்குள்ள தாயாதி. பங்காளிச் சண்டை பரம்பரைக்கும் ஓடும். சரி, இங்கே அந்த வாடை போய்விட்டது, புழங்கட்டும். ஆனால் பங்காளித்துவம் என்பது உறவு, உடன்பாடு என்பது அந்த உறவுக்கான ஏடு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஆண்டறிக்கையோ கூட்டக் குறிப்போ எழுதுபவர்களுக்கு இப்படிப் பிரித்துக்கொள்வது வசதி. குடும்பச் சேவை நிலையத்துக்கு நிதி தரக் கையெழுத்தாவது ஒப்பந்தம். இரண்டு அமைப்புகள் ஒரு திட்டத்துக்காக எழுதிக்கொள்வது புரிந்துணர்வுக் குறிப்பு. அரசாங்கமும் முழுத் துறையும் நடந்துகொள்ளும் முறைபற்றித் தரும் வாக்குறுதி உடன்பாடு. அரசாங்கம் 2022-இல் தொடங்கிய ‘ஃபார்வர்ட் சிங்கப்பூர்’ கலந்துரையாடல்களில் அடிபட்ட ‘சோஷியல் காம்பேக்ட்’ (அரசாங்கமும் மக்களும் ஒருவருக்கொருவர் எதற்குப் பொறுப்பு என்ற புரிதல்) என்பதையும் ‘சமுதாய உடன்பாடு’ என்று எழுதலாம். அதிலும் வழக்குப் போட ஒன்றும் இல்லை.