பழைய புத்தகத்தில் கலை வரலாறு: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

சி.பி.எஸ்.இ. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் ஓவியத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைக்கு 70 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 30. அந்த முப்பதுதான் கலை வரலாறு. ஆதிகாலப் பாறை ஓவியங்களில் ஆரம்பித்து நவீன ஓவியம் வரை இரண்டே வருடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதனால் பல வகுப்புகளில் நடப்பது மனப்பாடம்தான்: படத்தின் பெயர், வரைந்தவர், காலம், எதில் வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது. ராஜஸ்தானி பாணிக்கும் முகலாயப் பாணிக்கும் வித்தியாசம் கேட்டால் டெல்லிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்தப் படம் எவ்வளவு பெரியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கையை அகல விரித்துச் சுவரைக் காட்டுவார்கள். பாடப்புத்தகத்திலும் செல்போனிலும் எல்லாப் படமும் ஒரே அளவில் தெரிவதால் வந்த வினை.

மினியேச்சர் எனப்படும் அந்த ராஜஸ்தானி, முகலாயச் சிற்றோவியங்களில் பெரும்பாலானவை சுவரில் தொங்கியவையே இல்லை. கையில் எடுத்து, மடியில் வைத்துப் பார்த்த புத்தகங்களின், ஆல்பங்களின், சுவடிக்கட்டுகளின் பக்கங்கள் அவை. தனித்தாளாகக் கழற்றிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது பிற்காலத்து வேலை.

ஆக, இந்தியக் கலை வரலாற்றில் கணிசமான பகுதியைப் புத்தகத்துக்குள் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். பள்ளியிலும் சரி, வார இறுதியில் ஆர்.கே. புரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பிலும் சரி, நான் செய்வது இதுதான். ஆளுக்கு ஒரு பழைய கெட்டி அட்டைப் புத்தகம், யாருக்கும் வேண்டாததாகப் பார்த்து. அதை வெட்டி, ஒட்டி, வெள்ளையடித்து, மடித்து, ஒரு வருடத்தில் வேறொரு புத்தகமாக மாற்ற வேண்டும். ஆல்டர்டு புக் என்று இதைச் சொல்வார்கள். லண்டனில் டாம் ஃபிலிப்ஸ் என்ற ஓவியர் 1966-ல் மூன்று பென்ஸுக்கு ஒரு பழைய விக்டோரியா காலத்து நாவலை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் அதன்மேல் வரைந்து, சில சொற்களை மட்டும் தெரியவிட்டு, ஐம்பது வருடம் அதையே மறுபடி மறுபடி செய்தார். ஒரே ஒரு நாவலுக்கு ஐம்பது வருடம்!

இணையத்தில் இதைத் தேடினால் பெரும்பாலும் வருவது லேஸ், ரிப்பன், ஜிகினா, பூ ஸ்டிக்கர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதே வழியில் கலை வரலாறு செய்யப் போனால், கலர் பிரின்ட் அவுட் எடுத்து அஜந்தாவை ஒரு பக்கத்திலும் ரவிவர்மாவை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அது சார்ட் பேப்பரில் செய்யும் புராஜெக்ட்டேதான், அட்டை மட்டும் வேறு. என் வகுப்பில் ஒரே ஒரு விதி உண்டு. ஓவியத்தின் படத்தை ஒட்டக் கூடாது. அந்த ஓவியத்தைச் செய்தவர்கள் கையால் என்ன வேலை செய்தார்களோ, அதை உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டும்.

எளிதானதிலிருந்து ஆரம்பிப்போம். மேற்கு இந்தியாவின் சமணச் சுவடிகள் முதலில் பனையோலையில் எழுதப்பட்டன. ஓலையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் படத்தின் உயரம். கயிறு கோக்க நடுவில் துளை. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் காகிதத்துக்கு மாறினார்கள். காகிதத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்தானே? இருந்தும் அதே நீளவாட்டு வடிவத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள். கயிறே இல்லாத பக்கத்தில் துளை இருந்த இடத்தில் அலங்காரமாக ஒரு வட்டப் பொட்டு. இதைப் படித்துக்காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நாலு விரற்கடை உயரமுள்ள பட்டையை வெட்டிக் கொடுத்து, ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு யானையை இதற்குள் உட்காரவை, நடுவில் துளைக்கும் இடம் விடு என்றால் அரைமணி நேரம் முழிப்பார்கள். உருவங்கள் ஏன் அப்படிப் பக்கவாட்டில் அடுக்கி நிற்கின்றன என்று அதற்கப்புறம் நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்து வஸ்லி. சிற்றோவியக்காரர்கள் ஒற்றைத் தாளில் வரைவதில்லை. பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே தூரிகையை எடுப்பார்கள். நம் புத்தகத்திலும் நாலைந்து பக்கங்களைச் சேர்த்து ஒட்டினால்தான் வண்ணம் தாங்கும். கூழாங்கல்லாலோ எவர்சில்வர் ஸ்பூனின் முதுகாலோ தேய்க்கச் சொல்வேன். கை வலிக்கும், வலிக்கட்டும்.

அக்பர் காலத்து ஓவியக்கூடத்தில் ஒரு படத்தை ஒருவரே வரைவது கட்டாயமில்லை. காட்சியைத் திட்டமிட்டுக் கோடு போடுபவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் இன்னொருவர். முக்கியமான முகங்கள் என்றால் அதற்கென்று மூன்றாவது ஆள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், அக்பரின் வரலாற்றைச் சொல்லும் அக்பர்நாமா பிரதியின் ஓரங்களில், கோடு யாருடையது, வண்ணம் யாருடையது என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு பக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டு வேலையைப் பிரிப்போம். போன வருடம் ஒரு குழுவில் மெட்ரோ ரயில் காட்சி. கோடு போட்டவன் கூட்டத்தை நெருக்கி வரைந்துவிட்டான். வண்ணக்காரன் உற்சாகத்தில் தலைகளையும் சேர்த்துப் பழுப்பு அடித்துவிட்டான். கடைசியில் முகம் எழுத வந்த பெண் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். “மேம், மூஞ்சிக்கு இவங்க இடமே விடல. நான் எதுல வரையறது?” மூன்று பேரும் நல்ல சண்டை போட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் பழுப்பைச் சுரண்டி எடுத்து, நாலு முகத்துக்கு மட்டும் இடம் பண்ணி, மற்றவர்களைத் திரும்பி நிற்பவர்களாக மாற்றினார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று பெயர். கோடு போடும் வேலை ஏன் பெரும்பாலும் மூத்த கைக்குப் போனது என்று அந்த மூவருக்கும் இனி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஜஹாங்கீரின் ஆல்பங்கள் வேறு ரகம். பழைய பாரசீக எழுத்துக்கலைத் துண்டு, முகலாய ஓவியம், ஐரோப்பியப் பாதிரிமார் மூலம் வந்த அச்சுப் படம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, சுற்றிலும் புதிதாகக் கரை வரைந்து ஒரே பக்கமாக்கினார்கள். ‘வெட்டி ஒட்டுவது சீட்டிங் இல்லையா’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும். தாகூர் பக்கமும் சுலபம்தான். 1924 வாக்கில் கவிதைக் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய சொற்களை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையும் விலங்குமாக மாற்றிக்கொண்டே போனார். 1930-ல் பாரிஸில் ஓவியக் கண்காட்சி வைக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் வளர்ந்தது. அச்சிட்ட பக்கத்தில் சொற்களை அடித்துக்கொண்டே போய், அடித்தலிலிருந்து ஒரு மிருகம் வரவேண்டும். கணக்கில் வீக்கான பையன்கள் இதில் பிரமாதமாகச் செய்வார்கள், ஏனென்று தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தஞ்சாவூர்ப் பக்கம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலாயம் போகும் காட்சியெல்லாம் அப்படி வெளியே வந்ததுதான். அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மேலே இருப்பதை என்ன செய்வது? மேலே இருப்பதும் பல நூற்றாண்டுப் பழசு. தொல்லியல் துறையினர் பின்னாளில் நாயக்கர் அடுக்கைச் சிதைக்காமல் உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தார்கள்.

இதைப் பக்கத்தில் செய்வது இப்படி. முதலில் காவி, மஞ்சள், கறுப்பு மட்டும் வைத்து ஒரு படம். காய்ந்ததும் அதன்மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும். அதன்மேல் சாக் பவுடரும் ஃபெவிகாலும் கலந்த வெள்ளைப் பூச்சு. அப்புறம் புத்தகம் பக்கத்து மாணவிக்குப் போகும். மேல் படத்தை வரைவது அவள். மெழுகு இருப்பதால் மேல் அடுக்கு சுரண்டினால் வந்துவிடும். ஆனால் உன் படம் வெளியே வர உன் தோழியின் படத்தை நீ சுரண்ட வேண்டும். வகுப்பு அமைதியாவது இந்த இடத்தில்தான். சிலர் யோசிக்காமல் சுரண்டுவார்கள். சிலர் ஓரத்தில் நகக்கண் அளவு திறந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரு பெண் பிளேடை ஓரமாக நுழைத்து, பாளம் பாளமாகத் தூக்கி, வந்த துண்டுகளை எதிர்ப்பக்கத்தில் வரிசை மாறாமல் ஒட்டினாள். தொல்லியல் துறை என்ன செய்தது என்று அவளுக்கு அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. எது பெரிய ஓவியம், எதைக் காப்பாற்றலாம், அதை யார் முடிவு செய்வது? தேர்வுக் கேள்வியில் அடங்காத விஷயம், ஆனால் கலை வரலாற்றில் பாதி இதுதான்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். பழைய புத்தகம் கொண்டுவா என்றால் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நேராகப் போவது பரண்மேல் இருக்கும் தாத்தாவின் பெட்டிக்கு. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் டெல்லிக்கு வேலைக்கு வந்தவர்கள், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். நடுநடுவே பாதி விளம்பரம், பாதி ஜோக், முகப்பில் பாட்டியின் கையெழுத்து. அட்டை நைந்து, பக்கம் பழுத்து, பார்த்தால் குப்பை மாதிரிதான் இருக்கும். அதைத் தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்கள் அந்த இதழ்ப் பக்கங்களில் இருந்த இடமும் அளவும் வேறு. பின்னால் வந்த புத்தகப் பதிப்புகள் பலவற்றில் அவை அப்படியே கிடையாது. சில்பி ஆனந்த விகடனில் வரைந்த கோயில் சிற்பங்கள், கோபுலுவின் கோடுகள் எல்லாம் இப்படிப்பட்ட கட்டுகளில்தான் வீடுகளில் பிழைத்திருக்கின்றன. சொல்லப்போனால் வெட்டி, அடுக்கி, புதுப் புத்தகமாக மாற்றும் வேலையை அந்தத் தாத்தா பாட்டிகள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். அதன்மேல் வெள்ளையடிக்க நமக்கு என்ன இருக்கிறது?

பிள்ளை கொண்டுவரும் எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் நான் முதலில் அச்சு விவரப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். சுதந்திரத்துக்கு முந்தையது, சின்ன ஊர் அச்சகத்தில் அடித்தது, கையால் குறிப்பு எழுதியது, இதழ்த் தொடர்க் கட்டு: இவை திரும்ப வீட்டுக்கு. வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் இப்படி எல்லோரும் கழித்ததைச் சேர்த்துவைத்ததில் பிறந்த நூலகம் அது.

வெட்டுவதற்கு வேறு புத்தகமா இல்லை? முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் நடந்த பழைய புத்தகச் சந்தை 2019-லிருந்து மஹிளா ஹாட் வளாகத்தில் நடக்கிறது. எடைக்குப் போட்டுத் தருபவர்கள் உண்டு. காலாவதியான வரிச் சட்டம், பழைய சாஃப்ட்வேர் கையேடு, பல பிரதிகள் குவிந்து கிடக்கும் ஆங்கில நாவல், நுழைவுத்தேர்வு கைடு: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கெட்டி அட்டை, நூல் தையல் போட்டதாகப் பாருங்கள். பசை மட்டும் போட்ட புத்தகம் இரண்டாவது வாரமே பக்கம் பக்கமாக உதிரும். ஆரம்பத்திலேயே மூன்று தாளுக்கு ஒன்றை வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்ட ஒட்டப் புத்தகம் உப்பி வாயைத் திறந்துகொள்ளும்.

ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தால் பக்கம் அப்பளமாக நெளியும். கெட்டியாக, மெல்லிசாகப் பூசி, நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, இரவு முழுக்கப் பாரம் ஏற்றுங்கள். மைதாப் பசையும் நல்லதுதான். பூச்சி வராமலிருக்கப் பழைய பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நச்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் வேண்டவே வேண்டாம். பழைய புத்தகத்தை முதலில் மொட்டைமாடியில் தட்டி, வெயில் காட்டுங்கள். பூஞ்சை நெடி அடித்தால், அதுவும் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், எடைக்கு வாங்கியதுதானே. பிளேடு வேலை எல்லாம் அடியில் கெட்டி அட்டை வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து. பத்தாவதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நானே வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவதைப் பக்கங்கள் செய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தின் சிற்றோவியக் கூடத்தில் வஸ்லி தேய்த்த பிள்ளைகள் தாளின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள நவீன ஓவியக் கூடத்துக்கும் அப்படியே. இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு மார்க் உண்டா? புத்தகத்துக்கென்று தனி மார்க் கிடையாது. எழுத்துத் தேர்வில் விடை மாறுகிறது. ‘நீர்வண்ணம், காகிதம்’ என்று எழுதி நிறுத்துகிறவர்கள் அந்தக் காகிதம் எப்படித் தயாரானது என்று இரண்டு வரி கூட எழுதுகிறார்கள். செய்முறைக்கான போர்ட்ஃபோலியோவில் இந்தப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பது உங்கள் பள்ளி ஆசிரியரைப் பொறுத்தது. ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். டிசம்பரில் போய்க் கேட்டால் எந்த ஓவிய ஆசிரியருக்கும் எரிச்சல்தான் வரும், எனக்கும்தான்.