கடையில் 12 மணி நேர வேலை: சட்டம் என்ன சொல்கிறது?

மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளிலும் மாசி வீதி கடைகளிலும் வேலை பார்க்கிறவர்கள் பலர் காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால், இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிய பிறகுதான் திருமங்கலத்துக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ பஸ் தேடுகிறார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் இன்னும் நேரமாகும். கடை வேலை என்றால் அப்படித்தான் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் 1947-இல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அது வேறு கணக்கு சொல்கிறது.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இதுதான் வழக்கமான வேலை நேரம். ஓவர்டைம் பார்க்கச் சொல்லலாம், அதற்கும் எல்லை உண்டு. ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. அதாவது வாரத்துக்கு ஓவர்டைம் மொத்தமே 6 மணி நேரம்தான். தினமும் இரண்டு மணி நேரம் என்று ஆறு நாளும் நிறுத்தி வைத்தால் 60 மணி நேரம் ஆகிவிடும். அது சட்டத்தை மீறியதுதான்.

இதோடு இன்னொரு வரம்பும் இருக்கிறது, பலருக்கும் அது தெரியாது. 4 மணி நேரம் வேலை பார்த்தால் அடுத்து குறைந்தது 1 மணி நேர இடைவேளை விட வேண்டும். அந்த இடைவேளையையும் சேர்த்து, உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன ஒன்பதரை முதல் பத்து வரை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக்கு முழுதாக ஒரு மணி நேரம் கழித்தாலும் வேலை மட்டும் பதினொன்றரை. இரண்டு வரம்பும் ஒரே நாளில் உடைகிறது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் விடுகிறார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

சரி, பணக் கணக்கு. ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். மாதம் 13,000 ரூபாய் வாங்குகிறவர் என்று வைப்போம். வழக்கமாகக் கணக்குப் போடுவதுபோல் 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 500, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டிப்பு என்றால் 125. இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்ற ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய் வர வேண்டும். டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பதும், தீபாவளிக்கு ஒரு சேலை கொடுப்பதும் இந்தப் பணத்துக்கு ஈடாகாது.

வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. உடம்புக்கு முடியாவிட்டால் ஆண்டுக்கு 12 நாள் வரையும், தற்செயல் விடுப்பாக 12 நாள் வரையும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் தனிச் சட்டத்தின்படி விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

2021-இல் இந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பணியாளர் எல்லோருக்கும் உட்கார இருக்கை வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். கால் வீங்கி, நரம்பு சுருண்டு அவதிப்படும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தாமதமாக வந்தது என்று புரியும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததற்காக யாரும் அதட்டினால், சட்டம் உங்கள் பக்கம்.

10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2022-இல் அரசாணை வந்ததைக் காட்டிச் சிலர் மிரட்டுவதுண்டு. அந்த அனுமதி கடை திறந்திருப்பதற்குத்தான். வேலை பார்க்கிறவருக்கு 8 மணி நேரக் கணக்கும் வார விடுமுறையும் அதிலும் அப்படியே இருக்கின்றன.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சட்டையில் சூப்பர்வைசர் என்று பேட்ஜ் குத்திவிட்டால் மட்டும் அது நிர்வாகப் பொறுப்பு ஆகிவிடாது, பார்க்கும் வேலையை வைத்துத்தான் முடிவு. ஹோட்டல், மெஸ்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனச் சட்டம் தனியாக இருக்கிறது.

இன்றே ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், சாப்பிட்ட நேரம், வெளியே வந்த நேரம். கடை வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம்தான் எழுதியிருப்பார்கள், அப்போது உங்கள் நோட்டுதான் பேசும். சம்பளச் சீட்டையும், சீக்கிரம் வரச் சொல்லிக் கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். புகாரைத் தொழிலாளர் துறையில் எழுத்தாகக் கொடுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். மீறி நிறுத்தினால் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், 30 நாளுக்குள் போய்விடுங்கள்.