குழைக்காமல் ஒரு சீஸ் பாண்

கிளிநொச்சியில் பின்னேரம் வெதுப்பகப் போறணையிலிருந்து சுடச்சுட இறங்கும் பாணுக்கு நான் எதிரியல்ல. ஆனால் மொறுமொறுவென்ற தோலும், உள்ளே பெரிய ஓட்டைகளும், அவற்றில் உருகிய சீஸும் வேண்டுமென்றால் வீட்டில்தான் சுட வேண்டும். அதற்குப் போறணையும் வேண்டாம், மாவோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

அரைக் கிலோ கோதுமை மா, 350 மில்லிலீற்றர் தண்ணீர், கால் தேக்கரண்டி ஈஸ்ட், 7 கிராம் உப்பு, 150 கிராம் சீஸ். வழமையாக 10 கிராம் உப்புப் போடலாம். சீஸிலேயே உப்பு இருப்பதால் குறைத்திருக்கிறேன். சீஸைத் தவிர மற்றதையெல்லாம் கரண்டியால் கிளறி மூடி வைத்தால் சரி. மா கையில் ஒட்டும். பயந்துபோய் இன்னும் மா அள்ளிப் போடாதீர்கள், அந்த ஈரம்தான் வேலை செய்யப் போகிறது.

கோதுமை மாவில் குளியாடின், குளுட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை இணைந்து குளுட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. குழைப்பது இந்த இணைப்பை விரைவாக்கும், அவ்வளவுதான். தாராளமாகத் தண்ணீரும் நேரமும் கிடைத்தால் வலை தானாகவே பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் காபனீரொட்சைட்டு வலைக்குள் குமிழியாகச் சிக்கி, அதை இன்னும் இழுத்து விரிக்கும்.

எவ்வளவு நேரம்? இங்கேதான் நான் ஏமாந்தேன். குளிர்நாட்டுக் குறிப்பொன்றை நம்பி, ஒரு சித்திரை மாதம் மாவைப் 18 மணித்தியாலம் விட்டுவிட்டேன். மூடியைத் திறந்தால் கள்ளு வாசம். மா சரிந்து கூழாகக் கிடந்தது. அந்தக் குறிப்பு 20 பாகை செல்சியஸ் குசினிக்கு எழுதியது. வன்னி வெயிலில் குசினி 32 பாகைக்கு மேலே போகும், ஈஸ்டின் வேகமும் இரண்டு மடங்குக்குக் கிட்டவாகும். அளவு மீறிப் புளித்தால் அமிலமும் நொதியங்களும் சேர்ந்து குளுட்டன் வலையை அறுத்துவிடும். கள்ளு விட்டு அப்பத்துக்கு மா புளிக்க வைத்த அம்மம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது. கள்ளில் இருப்பதும் ஈஸ்ட்தானே! இப்போது ஆறு மணித்தியாலத்தில் எட்டிப் பார்க்கிறேன். மா இரண்டு மடங்காகி மேலே குமிழி தெரிந்தால் போதும்.

சீஸைத் துருவினால் மாவோடு கலந்து காணாமல் போய்விடும். சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டி, கடைசியில் மாவை மடிக்கும்போது உள்ளே வையுங்கள். சுடும்போது அவை உருகி, இருந்த இடத்தில் குழி விட்டுப் போகும். வெளியே துருத்திய துண்டுகள் கருஞ்சிவப்பாகும். வீட்டில் சண்டை வருவது அந்தத் துண்டுகளுக்குத்தான்.

சுடுவதற்குத் தடித்த இரும்புச் சட்டியும் இறுக்கமான மூடியும் போதும். சட்டியை முதலில் நன்றாகக் காயவிட்டு, வாட்டிய வாழையிலை ஒன்றை விரித்து மாவை இறக்குங்கள். சிரட்டைத் தணலை அடியில் கொஞ்சமாகவும் மூடியின் மேல் கூடுதலாகவும் போட வேண்டும். அடி நேரே சட்டியில் தொட்டுக்கொண்டிருப்பதால் சீக்கிரம் கருகும்.

மூடிதான் முக்கியம். மாவிலிருந்து கிளம்பும் நீராவி வெளியே போக வழியில்லாமல் மாவின் மேலேயே படியும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை தோல் இறுகாது. உள்ளே விரியும் வாயுவுக்கு இடம் கொடுத்துக்கொண்டே பாண் எழும்பும். 60 பாகையை நெருங்கும்போது ஈஸ்ட் செத்துவிடும், மாப்பொருள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அரை மணித்தியாலத்தின் பின் மூடியைச் சற்று நகர்த்தி ஆவியை வெளியே விடுங்கள். தோல் காய்ந்து 140 பாகையைத் தாண்டினால்தான் மாவிலுள்ள புரதமும் சீனியும் கலந்து நிறமும் மணமும் வரும். உள்ளே ஈரம் இருப்பதால் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது.

இறக்கியதும் அடியில் தட்டிப் பாருங்கள், வெறும் டப்பா போல ஓசை வரவேண்டும். கொஞ்ச நேரத்தில் தோல் சுருங்கி, படபடவென்று மெல்ல வெடிக்கும். அதைக் கேட்டதும் கத்தியை எடுக்காதீர்கள். உள்ளே மாப்பொருள் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, வெட்டினால் களியாக ஒட்டும். ஒரு மணித்தியாலம் பொறுத்திருங்கள்.