மீன்கள் ஏன் விடியற்காலையில் சாகின்றன?

ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று செய்தி வந்தால், அதை முதலில் பார்த்தவர் அநேகமாகக் காலை நடைக்குப் போனவராகவோ வலை எடுக்கப் போனவராகவோ இருப்பார். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கின. இப்படி நடந்ததும் ஊரில் கிளம்பும் முதல் பேச்சு, "எவனோ விஷத்தைக் கலந்துட்டான்" என்பதுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கோடையில், சாக்கடை கலக்கும் நகரத்து ஏரியில், விடிகிற நேரத்தில் மீன் சாவதற்கு விஷம் தேவையே இல்லை. மூச்சு முட்டியே சாகும்.

நீருக்குள் ஆக்சிஜன் எவ்வளவு குறைவு என்பதை நாம் உணர்வதில்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில், 20 டிகிரி வெப்பத்தில், காற்றிலிருந்து கரையக்கூடியது 9 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக இதுவும் குறையும். நம் ஊர்க் கோடையில் நீர் 30 டிகிரிக்குப் போனால் ஏழரை மில்லிகிராம்தான் மிஞ்சும். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் வேண்டும். இன்னொரு சங்கடம்: ஆக்சிஜன் நீருக்குள் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. அதனால் காற்றும் அலையும் இல்லாத இரவில், மேலே எவ்வளவு காற்று இருந்தாலும் அது இரண்டு மீட்டர் கீழே போய்ச் சேராது.

இந்த ஏழரை மில்லிகிராமில்தான் சாக்கடையும் பங்கு கேட்கிறது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரில் உள்ள அழுக்கைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க 200 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். கணக்கு உதைக்கிறது. அப்படியென்றால் இந்த ஏரிகளில் மீனே இருக்கக் கூடாதே?

இருக்கிறதே, அதற்குக் காரணம் பாசி. கழிவுநீரில் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று நுண்பாசி கொழுக்கிறது, ஏரி கரும்பச்சையாகிறது. வெயில் அடிக்கும்வரை அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல்மட்ட நீரை அளந்தால், காற்றிலிருந்து கரையக்கூடியதைவிட அதிகமாக, 12 மில்லிகிராம்கூட இருக்கலாம். கருவியைப் பார்த்தவர் "அடடா, ஏரி ஆரோக்கியமாக இருக்கிறதே" என்பார். (அந்த மதிய நேரமும் மீனுக்கு அவ்வளவு சுகமில்லை. பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறும். அப்போது நீரில் உள்ள அமோனியா கூடுதல் நச்சுத்தன்மை கொண்ட வடிவத்துக்கு மாறும். அது தனிக் கதை.)

பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறுகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. சம்பளம் பகலில் மட்டும் வருகிறது, செலவோ 24 மணி நேரமும் ஓடுகிறது. பாசி, பாக்டீரியா, நுண்ணுயிரிகள், புழுக்கள், மீன்கள் எல்லாம் சேர்ந்து அதே கையிருப்பிலிருந்து எடுக்கின்றன. நள்ளிரவைத் தாண்டும்போது 4, அப்புறம் 3. சூரியன் எழும் முன்பாகத்தான் இந்த எண் அடிமட்டத்தைத் தொடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போய் சில மணி நேரம் நீடித்தால் கட்லா, ரோகு போன்ற மீன்கள் தாங்காது.

முன்னறிகுறிகள் உண்டு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவை காற்றைக் குடிக்கவில்லை. காற்றோடு ஒட்டியிருக்கும் மில்லிமீட்டர் கனமுள்ள மேல் படலத்தில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். அந்த நீரைச் செவுளுக்கு அனுப்பப் பார்க்கின்றன. விரால், பனையேறிக் கெண்டை இரண்டும் வேறு சாதி. செவுளுக்கு மேலே இவற்றுக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து நிஜமாகவே காற்றை விழுங்கிக்கொண்டு போகும். ஊரே செத்து மிதக்கும்போது விரால் மட்டும் பிழைத்துக் கிடப்பது இதனால்தான். ஆனால் விராலை வலைக்குள் அமுக்கி மேலே வரவிடாமல் வைத்தால், அது நீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

எல்லா இரவிலும் சாவு நடப்பதில்லையே, ஏன் திடீரென்று ஒரு நாள்? பெரும்பாலும் வானிலைதான். இரண்டு மூன்று நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பாசியின் பகல் உற்பத்தி படுத்துவிடும். இரவுச் செலவு குறையாது. இதைவிட மோசம், காற்றில்லாத வெயில் நாட்களுக்குப் பிறகு வரும் கோடை மழை. அதுவரை ஏரியில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் கலக்காமல் கிடந்திருக்கும். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். மழையும் சூறைக்காற்றும் அதை ஒரே கலக்காகக் கலக்கிவிடும். கூடவே, மாதக்கணக்கில் மழைநீர் வடிகாலில் தேங்கியிருந்த கசடும் அடித்துக்கொண்டு வந்து இறங்கும். "நல்ல மழை பெய்தது, மறுநாளே மீன் செத்துப்போச்சு" என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கரைந்த ஆக்சிஜனை அளக்க இன்று மின்முனைக் கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் ஹங்கேரி வேதியியலர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் சொன்ன முறையைக் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் செய்கிறார்கள், பார்க்கவும் அழகு. குமிழி புகாமல் கண்ணாடிக் குப்பியில் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் குப்பியின் உள்ளே இறக்குவார்கள். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாக வீழ்படிவு இறங்கும். வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை. அளவெடுக்கவே வேண்டாம், முடிந்தது. பழுப்பு வந்தால் கந்தக அமிலம் விட்டுக் கரைத்து, வெளிப்படும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும், அதாவது அது தீரும்வரை தயோசல்பேட்டை விட்டு எவ்வளவு செலவானது என்று அளக்க வேண்டும். கடைசியில் ஸ்டார்ச் சேர்த்ததும் கருநீலம்; சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறையும்.

எந்த முறையில் அளந்தாலும், நேரம் குறிக்காத அளவை நான் நம்புவதில்லை. மீன்வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. காலை பதினொரு மணிக்கு எடுத்த மாதிரி அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதே ஏரி அதிகாலை ஐந்து மணிக்குத் தேறாது. இறால் பண்ணைக்காரர்களுக்கு இது கைவந்த பாடம். நீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டரை அவர்கள் முக்கியமாக இரவில்தான் ஓட்டுவார்கள். பூங்கா ஏரிகளில் வண்ண விளக்கோடு பீய்ச்சும் நீரூற்றோ, கூட்டம் கலைந்ததும் அணைந்துவிடுகிறது.

சரி, சாக்கடையை நிறுத்திவிட்டால் தீர்ந்துவிடுமா? பாசியைத் தூண்டுவதில் முதல் குற்றவாளி பாஸ்பரஸ் என்பதைக் கனடாவில் கண்கூடாகக் காட்டினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிப்போனது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் வாதத்தை ஏறக்குறைய முடித்து வைத்தது. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் கழிவுநீரைத் திருப்பிவிடும் வேலை 1968-இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது.

ஆனால் அது 60 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஏரி. ஆளுயரத்துக்குச் சற்று மேல் ஆழமுள்ள நம் ஏரிகளில் பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டிக்கொண்டு அடிவண்டலில் குவிந்து கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீரும் ஒவ்வொரு இரவும் இரும்பு அதை விட்டுவிடுகிறது. அது மேலே வந்து பாசிக்குத் தீனியாகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுச் சாக்கடை வராவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் இது ஓடும். கிராமத்துக் கண்மாய்களில் கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது இந்தச் சரக்கை வெளியே எடுக்கும் வேலையாகவும் இருந்தது. நகரத்து ஏரி வண்டலை அப்படி எடுத்த எடுப்பில் வயலில் கொட்டிவிட முடியாது. ஈயம், குரோமியம், காட்மியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முதலில் சோதித்தாக வேண்டும். அளவு மீறியிருந்தால் அதைக் கொட்டுவதற்கு வேறு இடம் தேட வேண்டும்.