நீர்க்காகம் ஏன் நனைகிறது?

மாரி ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்கிற இந்த நாட்களில் கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: குளத்துக்குள் நிற்கிற பட்டமரங்களில் நீர்க்காகம் இரண்டு செட்டையையும் விரித்துக்கொண்டு நிற்கிறதே, அது சூரியனைக் கும்பிடுகிறது என்று அம்மம்மா சொல்கிறா, அப்படியென்றால் வாத்து ஏன் கும்பிடுவதில்லை?

கும்பிடுவதாகச் சொன்னால் பிள்ளைகள் அதற்குக் கல்லெறிய மாட்டார்கள் என்பதால் அம்மம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீர்க்காகம் செட்டையைக் காயப் போடுகிறது, அவ்வளவுதான். உண்மையான கேள்வி வாத்தைப் பற்றியது. இரண்டுக்கும் பிழைப்பு தண்ணீரில்தான். மன்னார்ப் பக்கம் வங்காலைச் சரணாலயத்துக்கு (2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக உடன்படிக்கை ஒன்றின் பட்டியலில் உள்ள முக்கிய ஈரநிலம்) இந்தப் பருவத்தில் போனால் வட ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பதைப் பார்க்கலாம். ஒன்றாவது செட்டையை விரித்துக்கொண்டு காய்கிறதா? இல்லை.

நான் படித்த காலத்தில் வகுப்பில் சொல்லித் தந்த பதில், நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லை என்பது. இன்றைக்கும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். பிழை. வால் அடியில் அதற்கும் சுரப்பி இருக்கிறது, அலகால் எண்ணெயை எடுத்து இறகில் பூசிக்கொள்ளவும் செய்கிறது. விசயம் எண்ணெயில் இல்லை, இறகின் நெசவில் இருக்கிறது.

தாமரை இலைத் தண்ணீர் எல்லோருக்கும் தெரியும். துளி ஏன் ஒட்டாமல் உருள்கிறது? இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத புடைப்புகள், அவற்றுக்கு இடையில் வளி. துளி புடைப்புகளின் உச்சிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, மிச்ச இடத்தில் வளியின் மேல் கிடக்கிறது. இறகிலும் இதே கதைதான். நடுத் தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கிளைகள், கிளைகளிலிருந்து சிறுகிளைகள், அந்தச் சிறுகிளைகளில் நுண்ணிய கொளுக்கிகள். ஒன்றையொன்று கொளுவிப் பிடித்துக்கொண்டால், பையின் சிப்பை இழுத்து மூடியதுபோல, சீரான இடைவெளியுள்ள ஒரு துணி கிடைத்துவிடுகிறது. இழைகள் போதிய நெருக்கமாக இருக்கும் வரை நீரின் மேற்பரப்பு இழுவிசை துளியை அந்த இடைவெளிக்குள் இறங்க விடாது. இடைவெளி அகன்றால், அல்லது நீர் மேலிருந்து பலமாக அமுக்கினால், வளி வெளியே, தண்ணீர் உள்ளே.

வீட்டிலேயே பார்க்கலாம். கோழியோ வாத்தோ உதிர்த்த இறகு ஒன்றை எடுத்து ஒரு துளி நீர் விடுங்கள், முத்தாக நிற்கும். இப்போது விரலால் இறகை எதிர்ப்பக்கமாக நீவிக் கொளுக்கிகளைப் பிரித்துவிட்டு மறுபடி விடுங்கள். எண்ணெய் அதே எண்ணெய்தான், துளி படுகிற பாடு வேறு. பிறகு சரியான பக்கமாக நீவி மூடிவிட்டால் பழையபடி பெரும்பாலும் சரியாகிவிடும். பறவைகள் மணிக்கணக்காக இறகு கோதுவது இந்தச் சிப்பை மூடவும்தான்.

இழைகளின் இடைவெளிக்கும் நனையாமைக்கும் உள்ள இந்தக் கணக்கை 1944இல் போட்டவர்கள் காசி, பாக்ஸ்டர் என்ற இருவர். பறவை ஆய்வாளர்கள் இல்லை, இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் மழைக்கோட்டுத் துணி பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்காக வாத்து இறகையும் பார்த்தார்கள். இங்கே ஒருவர் நீர்க்காகத்தின் இறகை ஆராயப் பணம் கேட்டால் இதனால் என்ன வருமானம் என்பார்கள். போகட்டும்.

சரி, நீர்க்காகத்தின் இறகில் என்ன வித்தியாசம்? பெரிய நீர்க்காகத்தின் உடல் இறகுகளைப் பார்த்து 2005இல் வெளியான ஆய்வு அழகான ஒரு விடை தந்தது. ஒவ்வொரு இறகிலும் தண்டை ஒட்டிய நடுப்பகுதி இறுக்கமான நெசவு, நனையாது. ஓரப்பகுதி தளர்ந்த நெசவு, உடனே நனையும். இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தது போலப் படிந்திருப்பதால் வெளியே ஈரம், தோலை ஒட்டி மெல்லிய ஒரு வளிப்படலம். வெளி வளி போய்விட்டதால் மேலுதைப்பு குறைகிறது, மீனைத் துரத்த முங்குவது இலகு. உள்ளே மிஞ்சிய வளி குளிரைத் தடுக்கிறது. வாத்து மாதிரி முழு வளியோடு முங்கப் பார்த்தால் தக்கை போல மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஊசிவால் வாத்து தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டி மேய்கிற ஆள், அதற்கு இந்தக் கவலை இல்லை.

நீர்க்காகம் போலவே முங்கி மீன் பிடிக்கிற பாம்புத்தாரா இன்னும் ஒரு படி மேலே. அது முழுசாக நனைந்துவிடும். அதனால்தான் உடல் தண்ணீருக்குள் தாழ்ந்து கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே தெரிகிறது. அது நீர்க்காகம் போலத் துரத்துவதில்லை, நீருக்குள் மெதுவாக ஊர்ந்து போய், கழுத்தில் இருக்கிற மடிப்பை விசை மாதிரி விடுவித்து அலகால் மீனைக் குத்துகிறது. அந்த மெதுவான வேட்டைக்கு மிதப்பு பெரிய இடைஞ்சல். விலையாக, அதற்குச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அமெரிக்காவில் இருக்கிற அதன் இனத்தவனில் செய்த ஆய்வின்படி, நீர்க்காகம் செட்டையை விரிப்பது முக்கியமாக ஈரம் உலர்த்த, அந்தப் பறவை விரிப்பது உடம்பைச் சூடேற்றவும்தான். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இரணைமடுவிலோ கட்டுக்கரைக் குளத்திலோ காலை வேளையில் குளக்கட்டில் நின்றாலே இரண்டும் கண்ணில் படும், பைனாகுலர் கட்டாயமில்லை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற பக்கம் மட்டும் படத்துக்காக இறங்காதீர்கள். படம் என்றதும் ஞாபகம் வருகிறது: வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது கமராக்காரர்களின் பாலபாடம். அந்தப் பாடப்படி நின்று நான் எடுத்த பாம்புத்தாராப் படங்களில் முக்கால்வாசி அதன் முதுகுதான்.